ஜிம் டப்பாவும் தாய்ப்பன்றியும்: ஒரு வெள்ளைப் பொடியின் வரலாறு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரக் கதை எங்க வீட்டுச் சமையலறைல ஆரம்பிக்குது. என் ரூம்மேட் ஜிம்முக்குப் போறவன். அரிசி டப்பாவை விடப் பெரிசா ஒரு கறுப்பு டப்பா அலமாரில வெச்சிருக்கான். ஒரு நாள் காபிக்குத் தண்ணி கொதிக்கிற வரைக்கும் வேற வேலை இல்லாம அதோட லேபிளைப் படிச்சேன். எல்-ஆர்ஜினின், எல்-லைசின், வாலின், ல்யூசின், த்ரியோனின்... கிராம் கணக்கோட ஒரு பெரிய பட்டியல். இதையெல்லாம் எங்க செய்றாங்க, யாருக்காகச் செய்றாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். மூணு வாரம் போயிடுச்சு.

கிடைச்ச பதில் ஜிம் பசங்களுக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கலாம். லைசின் மட்டுமே உலகத்துல வருஷத்துக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல தயாராகுது. அதுல பெரும்பகுதி பன்றித் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும்தான் போகுது. நம்ம டப்பாவுக்கு வர்றது அந்த மூட்டையோட ஓரத்துல சிந்தினது மாதிரி.

இந்தப் பொடிக்கு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. அதுல எலி இருக்கு, மிருகக்காட்சிசாலை மண்ணு இருக்கு, எஃப்.பி.ஐ. ஒளிச்சு வெச்ச கேமரா இருக்கு. ஆனா எனக்கு எல்லாத்தையும் விட மனசுல நின்னது ஒரு மிருகம்தான்: குட்டிகளுக்குப் பால் கொடுக்கிற தாய்ப்பன்றி.

முதல்ல அடிப்படை. புரதம்னா அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. 20 வகை மணி. அதுல சிலதை உடம்பே செஞ்சுக்கும், சிலதைச் சாப்பாட்டுலதான் வாங்கியாகணும். இட்லிக்கு ஊறப்போடுறதை நெனச்சுக்கங்க. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துன்னு வைங்க. வீட்ல ஒரு மூட்டை அரிசி இருக்கு, உளுந்து ஒரு டம்ளர்தான் இருக்கு. எத்தனை இட்லி வரும்? உளுந்து இருக்கிற அளவுக்குத்தான் வரும். மிச்ச அரிசி சும்மா கிடக்கும். உடம்புலயும் அதே கதைதான். எந்த அமினோ அமிலம் குறைவோ அதுதான் கணக்கைத் தீர்மானிக்கும். ஒரே வித்தியாசம், உடம்பு மிச்ச அரிசியை எடுத்து வைக்காது. எரிச்சு, அதுல இருக்கிற நைட்ரஜனைச் சிறுநீர்ல வெளியே தள்ளிடும். இந்தச் சிறுநீர் விஷயம் பின்னால பெரிய அரசியல் ஆச்சு, வர்றேன்.

மக்காச்சோளத்துலயும் கோதுமைலயும் குறைவா இருக்கிற உளுந்து எதுன்னா, லைசின். அரிசிலயும் அதேதான். பருப்புல லைசின் நிறைய. பொங்கலும் இட்லியும் பருப்பு சாதமும் இந்தக் கணக்கைப் பேர் தெரியாமலே சரிபண்ணி வெச்சிருக்கு.

லைசினைப் பாலோட கேசீன் புரதத்திலிருந்து 1889-ல பிரிச்செடுத்தவர் எட்மண்ட் டிரெக்சல்ங்கிற ஜெர்மன் வேதியியலாளர். அப்ப அது ஒரு குடுவைல இருந்த புதுப் பொருள், அவ்வளவுதான். அது இல்லாம வளர முடியாதுன்னு காட்டினவங்க அமெரிக்காவின் கனெக்டிகட்ல இருந்த தாமஸ் ஆஸ்போர்னும் லஃபாயெட் மெண்டலும். எலிகளுக்கு ஒரே புரதமா மக்காச்சோளத்தோட சீயின் புரதத்தைக் கொடுத்தாங்க. எலிகள் இளைச்சுக்கிட்டே போச்சு. டிரிப்டோஃபேன்ங்கிற அமினோ அமிலத்தைச் சேர்த்தாங்க. இளைக்கிறது நின்னுது, ஆனா வளரல. கூட லைசினையும் சேர்த்ததும் வளர ஆரம்பிச்சுது. 1914-ல வெளியான ஆய்வு இது. ஒரு சிட்டிகை பொடி, நின்னுபோன வளர்ச்சி திரும்ப ஓட ஆரம்பிக்குது. அந்த வளர்ச்சி வரைபடங்களை இன்னைக்குப் பார்த்தாலும் ஒரு சின்ன சிலிர்ப்பு வருது.

பன்றிக்கு இது எப்ப வந்துச்சு? இண்டியானால இருக்கிற பர்டூ பல்கலைக்கழகத்துல எட்வின் மெர்ட்ஸ்னு ஒரு உயிர்வேதியியலாளர். அவரும் கூட வேலை பார்த்தவங்களும் 1949-ல பன்றிக்கு லைசின் எவ்வளவு தேவைன்னு ஆய்வு வெளியிட்டாங்க. இதே மெர்ட்ஸ்தான் பின்னாடி ஆலிவர் நெல்சனோட சேர்ந்து 'ஒப்பேக்-2'ங்கிற மக்காச்சோள வகைல லைசின் ஏறக்குறைய 70% அதிகம்னு கண்டுபிடிச்சார். 1964-ல அது பெரிய செய்தி. ஏன்னா சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைக் குழந்தைகளுக்கு அது மருந்து மாதிரி. ஆனா அந்தச் சோளம் மிருதுவா இருந்துச்சு, பூச்சி விழுந்துச்சு, மகசூல் குறைவு. மெக்சிகோல எவாஞ்சலினா வில்லேகாஸும் நம்ம ஊர் விஞ்ஞானி சுரிந்தர் வாசலும் பல வருஷம் உழைச்சுத்தான் அதை விவசாயி கைல கொடுக்கிற மாதிரி மாத்தினாங்க. ரெண்டு பேருக்கும் 2000-ல உலக உணவுப் பரிசு கிடைச்சுது.

அதே சமயத்துல இன்னொரு வழி ஜப்பான்ல திறந்திருந்தது. போருக்கு அப்புறம் பசில கிடந்த நாடு. கியோவா ஹாக்கோ கம்பெனில ஷுகுவோ கினோஷிடா என்பவர், அமினோ அமிலத்தை வெளியே கொட்டுற நுண்ணுயிர் ஏதாவது இருக்கான்னு மண்ணு மண்ணாத் தேடினார். 1956-ல ஒரு பாக்டீரியா சிக்குச்சு. டோக்கியோவின் உவேனோ மிருகக்காட்சிசாலைல, பறவை எச்சம் கலந்த மண்ல இருந்து வந்துச்சுன்னு சொல்வாங்க. பேர் கோரினிபாக்டீரியம் குளுட்டாமிகம். முதல்ல குளுட்டமேட், அதாவது அஜினோமோட்டோ சுவை, அதைச் செய்யத்தான் பயன்பட்டுது. ரெண்டே வருஷத்துல லைசினும்.

அந்த வித்தை எப்படின்னு சொல்லிட்டுப் போறேன், ஏன்னா ரொம்ப அழகு. சாதாரணமா பாக்டீரியா லைசின் போதும்னு ஆனதும் நிறுத்திடும். லைசினும் த்ரியோனினும் ரெண்டும் சேர்ந்து குவிஞ்சாத்தான் அந்த பிரேக் விழும். கினோஷிடா குழு த்ரியோனின் செய்யத் தெரியாத ஒரு பிறழ்வு வகையை உருவாக்குச்சு. த்ரியோனின் குவியாது, பிரேக் விழாது. சர்க்கரைப்பாகு ஊத்தினா லைசின் கொட்டிக்கிட்டே இருக்கும்.

அப்ப எல்லாரோட கனவும் மனிதச் சாப்பாடுதான். நம்ம அரசோட மாடர்ன் பிரெட்ல 1960-களின் பிற்பகுதில வைட்டமின்களோட லைசினும் சேர்த்தாங்க. தாத்தா பாட்டி சாப்பிட்டிருப்பாங்க, கேட்டுப் பாருங்க. ஆனா அந்தக் கனவு பெரிசா ஓடல. பொடியை முழு மனசோட வாங்கினது தீவன ஆலை.

அதுக்கு ஒரு தள்ளு கொடுத்தது 1973. அதுக்கு முந்தின வருஷம் பெரு நாட்டுக் கடல்ல எல் நீனோ வந்து நெத்திலி வளம் சரிஞ்சுது. மீன்தூள் போச்சு. எல்லாரும் சோயாவுக்கு ஓடினாங்க, விலை எகிறிடுச்சு. 1973 ஜூன்ல நிக்சன் அரசு சோயா ஏற்றுமதிக்கே தடை போட்டுச்சு. தடை சீக்கிரமே தளர்ந்தாலும் ஐரோப்பாவுக்கு வயித்துல புளி கரைச்ச மாதிரி ஆயிடுச்சு: நம்ம பன்றியும் கோழியும் அடுத்தவன் கப்பலை நம்பி நிக்குதே! அடுத்த வருஷம் ஜப்பானின் அஜினோமோட்டோ பங்குடன் பிரான்ஸ்ல யூரோலைசின்னு ஒரு கம்பெனி வந்துச்சு. அமியான் நகரத்துல தொழிற்சாலை. கொஞ்சம் பொடி சேர்த்தா, கோதுமையோட கொஞ்சம் சோயாப் புண்ணாக்கு போதும்கிறதுதான் கணக்கு.

1981-ல பிரிட்டனின் வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் அந்தக் கணக்குக்கு ஒரு வாய்ப்பாடு கொடுத்துச்சு. 'இலட்சியப் புரதம்'னு பேர். லைசினை 100-ன்னு வெச்சுக்கிட்டு, மத்த ஒவ்வொரு அமினோ அமிலமும் அதுல எத்தனை பங்குன்னு எழுதுறது. இட்லி விகிதமேதான், சாமான் மட்டும் அதிகம். நெதர்லாந்துல 1984-ல சாணம் தாங்காம பன்றிப் பண்ணை விரிவாக்கத்துக்கே அரசு கட்டுப்பாடு போட்டப்போ இந்த வாய்ப்பாடு இன்னும் மதிப்பு ஏறிடுச்சு. தீவனத்துல புரதத்தை ஒரு சதவீதப் புள்ளி குறைச்சு அமினோ அமிலப் பொடியால ஈடுகட்டினா, வெளியே போற நைட்ரஜன் 8-லிருந்து 10% வரை குறையும். சொன்னேன்ல, சிறுநீர் அரசியல்.

சரி, இப்ப தாய்ப்பன்றிகிட்ட வர்றேன்.

பன்றியோட சினைக்காலம் 114 நாள். மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள்னு பண்ணைக்காரங்க ஞாபகம் வெச்சுக்குவாங்க. அந்தச் சமயத்துல அதுக்குக் கொடுக்கிறது ஒரு நாளைக்கு ரெண்டு, ரெண்டரை கிலோ தீவனம். வேணும்னேதான் குறைவாக் கொடுக்கிறாங்க. கொழுத்துட்டா ஈனும்போது சிக்கல், அப்புறம் பால் கொடுக்கிற நேரத்துல பசி எடுக்காது. ஈன்றதும் எல்லாம் தலைகீழ். குட்டிக் கூட்டம் மொத்தமும் சேர்ந்து ஒரு நாளைக்கு ரெண்டரை கிலோ எடை போடணும்னா, அது சுமார் பத்து கிலோ பால் சுரக்கணும். பத்து கிலோ! நம்ம ஊர் நாட்டு மாடு கூட யோசிக்கும். குட்டிகள் ஒரு கிலோ எடை போட தாய்க்குச் சுமார் 26 கிராம் லைசின் வேணும்னு ஆராய்ச்சிக்காரங்க கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க. பெருக்கிப் பாருங்க, ஒரு நாளைக்கு 60 கிராமுக்கு மேல. என் ரூம்மேட்டோட ஸ்கூப்ல அளந்தா ஒரு வாரம் ஓடும்.

தீவனத்துல அது இல்லைன்னா என்ன ஆகும்? பால் உடனே நிக்காது. இதைப் படிச்ச அன்னைக்குத் தூக்கம் கொஞ்சம் தள்ளித்தான் வந்துச்சு. தாய் தன் தசையைக் கரைச்சுக் கொடுக்கும். முதுகுல, தொடைல இருக்கிற புரதம் உடைஞ்சு, அமினோ அமிலமா ரத்தத்துல வந்து, மடில பாலாகும். குட்டிகள் எதையும் உணராது. தாய் எலும்பாகும். 1960-களின் இறுதில பிரிட்டன்ல 'மெலிந்த தாய்ப்பன்றி நோய்'னு பேர் வெச்சு எழுதினாங்க. அதுக்குப் பின்னால குளிர், புழு, பராமரிப்புன்னு வேற காரணங்களும் இருந்துச்சு. ஆனா பால் கொடுக்கிற காலத்துல கரையுற உடம்பு அந்தக் கதையோட முக்கியமான பகுதி.

கரையுறதுக்கும் ஒரு எல்லை உண்டு. கனடாவின் அல்பர்ட்டால இருந்து 2003-ல வந்த ஆய்வு, தாய் தன் உடல் புரதத்துல 12% அளவுக்கு இழந்துட்டா பாலும் குறையுது, சினைமுட்டை வளர்ச்சியும் கெடுதுன்னு காட்டுச்சு. அதாவது, குட்டிகளைப் பிரிச்ச பிறகு அது சீக்கிரம் பருவத்துக்கு வராது. பெரிய பண்ணைல பருவத்துக்கு வராத பன்றிக்கு ஒரே ஒரு வழிதான், லாரி. ஒரு தாய்ப்பன்றியோட ஆயுசு பல சமயம் அந்த நாலு வாரத்துல அது எவ்வளவு லைசின் சாப்பிட்டுச்சுங்கிறதுல தொங்குது. அதுலயும் முதல் பிரசவத் தாய்க்குத்தான் ஆபத்து அதிகம். அது இன்னும் தானே வளர்ந்துக்கிட்டிருக்கும், வயிறும் சின்னது, வெயில் காலத்துல தீவனத்தைத் தொடவே தொடாது.

எங்க வீட்ல அக்காவுக்குக் குழந்தை பிறந்தப்போ அம்மா பால் ஊறணும்னு சுறாப்புட்டா செஞ்சு போட்டாங்க. மீன் வாடைல மாமா மொட்டைமாடிக்கே குடிபோயிட்டார். அக்கா மாடில இருந்த மாமாவைத் திட்டிக்கிட்டே சாப்பிட்டா. அந்தச் சுறாவுலயும் லைசின் கொட்டிக் கிடக்கு.

அப்ப சோயாவை அள்ளிப் போட வேண்டியதுதானேன்னு கேக்கலாம். போடலாம். ஆனா மிச்சப்படுற புரதத்தை எரிக்கிறதே உடம்புக்கு ஒரு வேலை, அதுல சூடு வேற கிளம்பும். ஏற்கெனவே சூட்டுல பசி போன தாய்க்கு அது கெடுதல். அதனாலதான் பொடி. லைசினுக்கு அப்புறம் த்ரியோனின், 1990-கள்ல வாலின்னு ஒவ்வொண்ணா வந்துச்சு. கான்சாஸ்ல செஞ்ச சோதனைகள்ல வாலின் கூட்டினதும் குட்டிகள் எடை போட்டுச்சு. பின்னாடி மத்தவங்க செஞ்சப்போ அவ்வளவு தெளிவா வரல. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2012-ல வெளியிட்ட பன்றி ஊட்டச்சத்துப் புத்தகத்துல சினைக்காலத்தையே 90-வது நாள்ல ரெண்டா வெட்டி, கடைசி வாரங்களுக்குத் தனிக் கணக்குப் போட்டாங்க. கருவும் மடியும் வேகமா வளர்ற காலம் அது.

இப்படிப் பண்ணைக்காரன் ஒவ்வொரு கிராமா எண்ணிக்கிட்டு இருந்தப்போ, அந்தக் கிராமை விக்கிறவங்க என்ன பண்ணாங்க தெரியுமா?

1991-ல அமெரிக்காவின் ஏ.டி.எம். கம்பெனி லைசின் தொழிலுக்குள்ள வந்துச்சு. நம்ம பணம் எடுக்கிற ஏ.டி.எம். இல்ல, ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட். இல்லினாய்ஸ் மாநில டிகேட்டர்ல பிரமாண்ட ஆலை. விலை பாதிக்குக் கிட்ட விழுந்துச்சு. பண்ணைக்காரனுக்குக் கொண்டாட்டம், ஆனா ஒரு வருஷத்துக்குத்தான். 1992-ல ஏ.டி.எம்., ஜப்பானின் அஜினோமோட்டோ, கியோவா ஹாக்கோ, கொரியக் கம்பெனிகள் எல்லாம் ஹோட்டல் அறைகள்ல உக்காந்து விலை பேசி முடிச்சிட்டாங்க. வெளியே சொல்றதுக்குத் தொழில் சங்கக் கூட்டம்னு ஒரு சாக்கு. ஒன்பது மாசத்துக்குள்ள விலை 70% அளவுக்கு ஏறிடுச்சு.

உள்ளே இருந்து எஃப்.பி.ஐ.கிட்ட இதைச் சொன்னவர் ஏ.டி.எம்.-ஓட லைசின் பிரிவுத் தலைவர் மார்க் விட்டேக்கர். ஊட்டச்சத்து உயிர்வேதியியல்ல டாக்டர் பட்டம் வாங்கினவர். ரெண்டரை வருஷத்துக்கு மேல ஒலிப்பதிவுக் கருவியை உடம்புல மாட்டிக்கிட்டுக் கூட்டங்களுக்குப் போனார். ஒரு கூட்டத்துல காலி நாற்காலிகளைக் காட்டி, இது இந்த வாடிக்கையாளருக்கு, அது எஃப்.பி.ஐ.க்குன்னு ஜோக் அடிச்சுச் சிரிக்கிறாங்க. அதைப் படம் பிடிச்சுக்கிட்டிருந்ததே எஃப்.பி.ஐ. கேமராதான். சினிமாவுல வெச்சா ஓவர்னு சொல்வோம்.

1996-ல ஏ.டி.எம். 10 கோடி டாலர் அபராதம் கட்டுச்சு. அதுல 7 கோடி லைசினுக்கு, மிச்சம் சிட்ரிக் அமிலத்துல செஞ்ச இதே வேலைக்கு. 1998-ல ஏ.டி.எம். அதிகாரிகள் மேல குற்றம் நிரூபணம் ஆச்சு. ஹீரோவா வந்திருக்க வேண்டிய விட்டேக்கர், எஃப்.பி.ஐ.க்கு உளவு சொல்லிக்கிட்டே கம்பெனிப் பணம் சுமார் 90 லட்சம் டாலரைச் சுருட்டினது தெரிஞ்சு, எல்லாரையும் விட நீண்ட காலம் ஜெயில்ல இருந்தார். 2009-ல மேட் டேமன் நடிச்ச 'தி இன்ஃபார்மண்ட்!' இந்தக் கதைதான். நல்ல படம், ஆனா படம் முழுக்க பன்றிக்குப் பெரிசா இடமே இல்ல. அந்த ஏறின விலை எங்கயோ ஒரு தொட்டில, ஒரு தாய்க்குப் போட வேண்டிய கிராமைக் குறைச்சிருக்கும்தானே. அந்தக் கணக்கை யாரும் கோர்ட்ல வைக்கல.

கடைசியா ஆர்ஜினின். ஜிம் டப்பால முதல் பேரே அதுதான். 'பம்ப்' வரும்னு போடுறாங்க. ஆர்ஜினின்ல இருந்து உடம்பு நைட்ரிக் ஆக்சைடு செய்யும், அது ரத்தக்குழாயை விரிக்கும். அதைக் கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 1998-ல நோபல். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துல குவோயாவ் வூ என்ற விஞ்ஞானி, ரத்தக்குழாய் விரிஞ்சா நஞ்சுக்கொடிக்கும் நல்லதுதானேன்னு யோசிச்சார். முதல் முறை சினையான 52 பன்றிகள். 30-வது நாளிலிருந்து சில பன்றிகளுக்கு ஆர்ஜினின் கலந்த தீவனம், மத்ததுக்கு இல்லை. 2007-ல முடிவு வந்துச்சு: உயிரோட பிறந்த குட்டிகள் சராசரியா 9.4-க்குப் பதிலா 11.4. ஒரு ஈற்றுக்கு ரெண்டு குட்டி அதிகம்! பின்னால வேற இடங்கள்ல செஞ்ச சில சோதனைகள்ல அந்த அளவு பலன் வரல. ஆனாலும் பலபேர் அந்தப் பாதைல ஓட ஆரம்பிச்சாங்க.

எனக்கு இங்கதான் ஒரு உறுத்தல். டென்மார்க்ல 1990-களின் தொடக்கத்திலிருந்தே ஈற்று அளவைப் பார்த்து இனத்தேர்வு செஞ்சாங்க. அப்ப ஒரு ஈற்றுக்கு உயிரோட 11, 12 குட்டி. இப்ப 17-ஐத் தாண்டியாச்சு. தாய்க்குக் காம்பு பெரும்பாலும் 14, கூடப் போனா 16. குட்டிகள் நிறைய சாகுதுன்னு 2004-ல அவங்களே அளவுகோலை மாத்தி, ஐந்தாம் நாள் உயிரோட இருக்கிற குட்டிகளை எண்ண ஆரம்பிச்சாங்க. மிச்சக் குட்டிகளுக்குச் செவிலித்தாய்ப் பன்றி. தன் குட்டிகளைப் பிரிச்சதும், அடுத்த கூட்டத்தைக் கொண்டுவந்து அதுக்கிட்ட விடுவாங்க. அது இன்னும் சில வாரம் கரையும். லைசின் கணக்கு அதுக்கும் தனியா உண்டு. முதல்ல தாய் இளைக்கக் கூடாதுன்னு வந்த பொடி, எந்த இடத்துல தாயை இன்னும் கொஞ்சம் ஓட்டுறதுக்கான பொடியா மாறுச்சுன்னு தேடித் தேடிப் பார்த்தேன். எனக்கு ஒரு கோடு கிடைக்கல. ஒரே மூட்டைதான் ரெண்டுக்கும் போகுது.

அமியான் ஆலைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டு யாராவது மெயில் போடுறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். சீன லைசினோட விலைல போட்டி போட முடியாம 2024-ல திவால் நடைமுறைக்குப் போச்சு. ஒரு பிரெஞ்சு விவசாயக் குழுமம் வாங்கி, பழைய யூரோலைசின் பேரையே திரும்ப வெச்சிருக்கு. 2025-ல ஐரோப்பிய ஒன்றியம் சீன லைசின் மேல வரி போட்டுச்சு. தீவன ஆலைக்காரங்களுக்கு அதுல கோபம்.

ரூம்மேட்கிட்ட இவ்வளவையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப பன்றிக்குக் கிலோ என்ன விலைக்குக் கிடைக்குது?"ன்னான். சொன்னேன். டப்பாவைத் திருப்பி விலையைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

அடுத்த எபிசோட்ல, இன்னைக்கு ஒரே வரில தாண்டிப் போன அந்த பெரு நாட்டு நெத்திலி. 1972-ல கடல்ல என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம்.